டம்மி கேபினும் தாமு அண்ணன் கையும்

நான் கடைசியாக வேலை பார்த்த பட்டறையை இப்போது நடத்துகிறவர்கள் போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அதே ஷெட்தான், கூரை மட்டும் மாறியிருக்கிறது. ஒரு பெண் என் கண்ணில் கறுப்பாக ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, "அங்கிள், எதிர்ல ஒரு மரக்கட்டை தெரியுதா? அதை எடுத்துத் தட்டுல வைங்க" என்றாள். கட்டை தெரிந்தது. அதன் நிழல்கூடத் தெரிந்தது. கையை நீட்டிப் பிடித்தேன். கை கட்டைக்குள்ளே போய்விட்டது. மறுபடி பிடித்தேன். ஈரத் துணியைப் பிழிகிறவன் மாதிரி வெறுங்காற்றைப் பிழிந்துகொண்டு நின்றேன், சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கண்ணு நம்புதும்மா, கை நம்ப மாட்டேங்குது" என்றேன்.

"அதைத்தான் அங்கிள் சரி பண்ணிக்கிட்டிருக்கோம். உங்க காலத்துல நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

எழுதுகிறேன். பத்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். குன்றத்தூர் மலையில் இருக்கிற முருகன் ஞாபகத்தை மட்டும் இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

என் சங்கதி சுருக்கம். அஸ்தினாபுரத்தில் வீடு. ஐடிஐ ஃபிட்டர். எண்பதுகளில் பெரும்பகுதி பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறையில் போயிற்று. அங்கே படித்த பாடமெல்லாம் அரம் பிடிப்பது, அளவு பார்ப்பது, முதலாளி வரும் சத்தம் கேட்டால் ரேடியோவை அணைப்பது. அதில் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும், பின்னால் வருவதற்கு அது தேவைப்படும்.

தாம்பரத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த ஒருவர், பெட்ரோல் செலவில்லாமல் புது ஆட்கள் கை பழக ஒரு மர வண்டி செய்து கேட்டார். பழைய ஸ்டியரிங் சக்கரம் ஒன்றை பேரிங்கில் உட்காரவைத்து, ஒரு விரலால் தள்ளினாலே சுற்றும்படி கிரீஸ் போட்டுக் கொடுத்தேன். அது நல்ல வேலை என்று எனக்கு எண்ணம். அதில் பழகிய முதல் ஆள் நிஜ வண்டியில் ஏறி, திருப்பம் வந்த இடத்தில் ஒரு விரலை வைத்துத் தள்ளியிருக்கிறார். வண்டி திரும்பவில்லை. நேரே போய் இளநீர்க் குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் கையில் ஒரு இளநீரோடு பட்டறைக்கு வந்தார்.

"உன் ஸ்டியரிங்கு சூப்பரா சுத்துது தம்பி. இந்தா, குடி."

குடித்துவிட்டு, சைக்கிள் பிரேக் கட்டை இரண்டை அந்த ஸ்டியரிங் தண்டில் உரசும்படி வைத்து இறுக்கிக் கொடுத்தேன். அதன் பிறகு வந்தவர்கள் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார்கள். கைக்கு நாம் எதைக் கொடுக்கிறோமோ அதைத்தான் அது கற்றுக்கொள்ளும் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் திருமுடிவாக்கம் பட்டறைக்கு வந்தேன். தொழிற்சாலைகளுக்குப் பயிற்சி சாமான் செய்கிற சின்ன இடம். முன்பக்கம் ஃபேப்ரிகேஷன், வெல்டிங். பின்பக்கம் ஒரு ஏசி அறை, அதில் கம்ப்யூட்டர். தூசி ஆகாது என்று செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எனக்கு அதில் கஷ்டமில்லை. கோயிலுக்குள் போகிற மாதிரியே போய்வந்தேன்.

அந்த அறைக்குப் பொறுப்பு கோமதி மேடம். குரோம்பேட்டையிலிருந்து வருவார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். வாட்சை வலது கையில் கட்டுவார். தப்பு என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. "இன்னொரு தடவை பண்ணலாமா?" என்பார், அவ்வளவுதான். நான் செய்து கொண்டுபோன பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் முதலில் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான் கண்ணைத் திறந்து அளவு பார்ப்பார். டீ வந்தால் டம்ளர் மேல் ஒரு மூடியைப் போட்டு ஓரமாக வைத்துவிடுவார். சோதனை முடிந்தால்தான் டீ. முடிந்து எடுக்கும்போது டீ பச்சைத் தண்ணீராக ஆகியிருக்கும், அதையே குடிப்பார்.

அவரிடம் இன்னொரு பழக்கம். ஒருவரை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கும்போது நாங்கள் எல்லாரும் திரையைப் பார்ப்போம். அவர் ஸ்டூலைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் கையைப் பார்ப்பார்.

"முனுசாமி, படத்துல என்ன நடக்குதுன்னு கம்ப்யூட்டருக்கே தெரியும். கைல என்ன நடக்குதுன்னு நாமதானே பாக்கணும்" என்பார்.

அப்போது எங்களிடம் வந்த பெரிய வேலை ஒரு கிரேன் கேபின். இரும்புத் தூண்களும் தகடுகளும் செய்கிற ஒரு யார்டுக்கு. அங்கே ஓடுவது தலைக்கு மேலே தண்டவாளத்தில் போகும் கிரேன். கேபின் அதிலேயே தொங்கும். புதிதாகச் சேருகிற ஆளை நேரே மேலே ஏற்றினால் கீழே நிற்பவன் உயிருக்கு யார் பொறுப்பு? அதனால் தரையில் ஒரு கேபின், உள்ளே ஒரு சீட்டு, இரண்டு லீவர், எதிரே ஒரு திரை. திரையில் கறுப்புப் பின்னணியில் பச்சைக் கோடுகளாகக் கொக்கி, கயிறு, ஒரு பெட்டி, தரை. லீவரைத் தள்ளினால் பெட்டி இறங்கும். தரையில் போட்டிருக்கும் கட்டத்துக்குள் சத்தமில்லாமல் வைக்கவேண்டும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் டம்மி கேபின்.

சோதித்துப் பார்க்க யார்டிலிருந்தே ஒரு கிரேன் ஆப்பரேட்டரை அனுப்பினார்கள். பெயர் தாமோதரன், எங்களுக்குத் தாமு அண்ணன். கோவிலம்பாக்கத்துக்காரர். ஆள் உயரமில்லை, தோள் அகலம். யார்டில் அவரைவிட அனுபவமான கை இல்லை என்றார்கள். அப்படிப்பட்டவரை எப்படி விட்டார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவரைக் கொண்டுவந்து விட்ட ஏழுமலை சொன்னான். ஏழுமலை அவருடைய மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி. அதே யார்டில் கீழே நின்று கொக்கி மாட்டுகிற வேலை அவனுக்கு.

நடந்தது இது. தாமு அண்ணன் இறக்கிய ஒரு தூண் ஏழுமலை காலுக்குப் பக்கத்தில் தடாலென்று விழுந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளியிருந்தால் கால் போயிருக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்று தாமு அண்ணன் சொன்னார். பிரேக்கைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், பிரேக் நன்றாக இருக்கிறது என்றார். யார்டு அதிகாரி ஒரு முடிவு சொல்லிவிட்டார்: டம்மி கேபின் தயாராகட்டும், அதில் தாமோதரன் சரியாக இறக்கிக் காட்டினால் மறுபடி மேலே ஏறலாம். இல்லையென்றால் தரைதான்.

ஆக, அந்தப் பெட்டி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தால் அவருக்குக் கேபின் திரும்பக் கிடைக்கும். உட்காரவில்லை என்றால் அவர் கையில் குறை, அல்லது நாங்கள் செய்த மிஷினில் குறை. இரண்டில் ஒன்று.

முதல் நாள் சீட்டில் உட்கார்ந்து லீவரைப் பிடித்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது? பாரமும் இல்ல, கவுறும் இல்ல. எரும வாலப் புட்சா மாதிரி கீது."

"ஓட்டிப் பாருங்க அண்ணா."

பெட்டி தடால். இன்னொரு தடவை பண்ணலாமா என்றார் மேடம். தடால். மறுபடியும் தடால்.

"மாமா, நல்லவேளை நான் அந்தப் பொட்டிக்கு உள்ள இல்ல" என்றான் ஏழுமலை.

"மூட்றா. டிவி பொட்டில கிரேன் ஓட்டச் சொன்னா இன்னா பண்றது? இதுல கூடவா பிரேக்கு புடிக்கல?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நிஜக் கிரேனில் லீவர் ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கும், கைக்கு அது தெரியும். பாரம் தரையைத் தொட்டால் கயிறு தளரும், கேபின் லேசாக மேலே எழும்பும், லீவரிலும் சீட்டிலும் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கத்தில் கை தானாக நிற்கும், யோசித்து நிற்பதில்லை. எங்கள் லீவரில் அதெல்லாம் எங்கே? இளநீர்க் குவியல் எனக்கு ஞாபகம் வந்தது. மேடத்திடம் சொன்னேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார், காகிதத்தில் படம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்துவோம் முனுசாமி. ரெண்டையும் சேத்து மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாமப் போயிடும்."

முதலில் பல். ஒரு தகட்டில் வரிசையாகக் குழி போட்டு, ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் வைத்து, லீவர் டக் டக் என்று நகரும்படி செய்தேன். மேடம் கண்ணை மூடித் தொட்டுப் பார்த்து, இரண்டு குழியை இன்னும் ஆழமாக்கச் சொன்னார். அடுத்தது நடுக்கம். டேப் ரிக்கார்டரில் இருக்கிற மாதிரி சின்ன மோட்டார் ஒன்றின் அச்சில், ஒரு பக்கம் மட்டும் கனமாக இருக்கும்படி பித்தளைத் துண்டு ஒன்றை மாட்டினேன். சுற்றினால் மோட்டார் முழுவதும் உதறும். அதை லீவரின் குழாய்க்குள்ளே வைத்து இறுக்கினேன். திரையில் பெட்டி தரையைத் தொடும் நேரத்தில் கம்ப்யூட்டர் மோட்டாரை ஓட்டும், கைப்பிடி நடுங்கும்.

இந்த வேலை நடந்த நாட்களில் தாமு அண்ணன் தினமும் வந்துபோனார். கலகலப்பான மனிதர். வெல்டர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார். எனக்கு சாமியார். ஒருநாள் ஏசி அறை வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினார், இன்னொரு காலில் செருப்பே இல்லை. வரும் வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, தெரியாமலே நடந்து வந்திருக்கிறார்.

"இன்னாண்ணே, ஒத்தச் செருப்பு ஊர்வலமா?" என்றார் வெல்டர்.

"இன்னொண்ணு பின்னால வந்துகினு கீதுபா. அதுக்கு வயசாச்சு, மெதுவா வரும்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஏழுமலை போய் பஸ் ஸ்டாப் பக்கத்திலிருந்து அதை எடுத்துவந்தான்.

வெள்ளிக்கிழமைகளில் பட்டறையில் பூஜை உண்டு. அது என் பொறுப்பு. மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தட்டை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோவேன். பித்தளைத் தட்டு, விளிம்புவரை கொதிக்கும். நான் துணி சுற்றித்தான் பிடிப்பேன். அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒற்றிக்கொண்டபின், தாமு அண்ணன், "குடு சாமியாரே, நம்ம மிஷினுக்கு நானே காட்றேன்" என்று வெறுங்கையால் தட்டை வாங்கினார். டம்மி கேபினுக்கு முன்னால் நின்று, நிறுத்தி நிதானமாகச் சுற்றினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பிறகு சுடர் மேலேயே உள்ளங்கையை வைத்திருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருஷமாக மலை ஏறுகிறேன், எனக்கு இந்த பக்தி வரவில்லையே என்று நினைத்தேன். வீட்டில் என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். "அவருக்கு முருகன் கண்டிப்பா நல்லது செய்வான், பாருங்க" என்றாள்.

அடுத்த வாரம் நடுக்கத்தோடு கூடிய லீவரில் அவரை உட்காரவைத்தோம். பெட்டி இறங்கியது. தரையைத் தொட்டது. லீவர் நடுங்கியது. அவர் கை நின்றது. பெட்டி பூ மாதிரி உட்கார்ந்தது. இன்னொரு தடவை. பூ மாதிரி. ஏழுமலை கைதட்டினான்.

"இப்பதான்பா மிஷினுக்கு உசிரு வந்துகீது" என்றார் தாமு அண்ணன். ஸ்வீட் வாங்கிவரச் சொல்லிப் பணம் எடுத்தார், தான் மட்டும் சாப்பிடவில்லை. சர்க்கரை இருப்பதால் டாக்டர் வேண்டாம் என்கிறார் என்றார். நாங்கள் சாப்பிட்டோம். மேடம் மட்டும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ டம்ளரின் மூடியை அவர் இன்னும் எடுக்கவில்லை.

மறுநாள் முன்பக்கத்தில் கிரைண்டிங் நடந்துகொண்டிருந்தது. ஏசி அறைக் கதவை மூடினாலும் அந்த இரைச்சல் உள்ளே வரும். தாமு அண்ணன் சீட்டில் உட்கார்ந்தார். தடால். இன்னொரு தடவை. தடால். மோட்டார் வேலை செய்யவில்லையோ என்று நான் லீவரைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக நடுங்கியது. மேடம் என்னை உட்காரச் சொன்னார். நான் கிரேன் ஓட்டத் தெரியாதவன், என் பெட்டிகூட ஓரளவு மெதுவாகவே உட்கார்ந்தது. நடுக்கம் வந்ததும் கை நின்றுவிடுகிறது, வேறென்ன?

மேடம் ஏழுமலையிடம் கேட்டார்:

"ஏழுமலை, அந்தத் தூண் விழுந்த அன்னைக்கு யார்டுல பக்கத்துல என்ன வேலை நடந்துக்கிட்டிருந்தது?"

"அன்னிக்கா மேடம்? கிரைண்டிங்குதான். ஒரே பேஜாரு சத்தம். நான் கத்துனதே மாமாக்குக் கேக்கல."

மேடம் முன்பக்கம் போய் கிரைண்டிங்கைச் சாப்பாட்டு நேரம் முடியும்வரை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். வரும்போது வெல்டிங் பக்கத்தில் மாட்டியிருந்த காது மூடி ஒன்றைக் கையில் எடுத்துவந்தார்.

"தாமோதரன், இது டெஸ்ட் இல்ல. பெட்டி, படம் எதுவும் கிடையாது. காதுல இதை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடிக்கிங்க. கையை லீவர் மேல வைங்க. நான் எப்பவாவது மோட்டாரைப் போடுவேன். நடுங்கினதும் சரின்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"கண்ணாமூச்சியா மேடம்? போடுங்க."

மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். லீவரைப் பிடித்தார். மேடம் திரையை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சுவிட்ச் என் பக்கம் இருந்தது. போட்டேன்.

கைப்பிடி நடுங்க ஆரம்பித்தது. அவர் விரல்களின் தசைகூட அதோடு சேர்ந்து ஆடுவது எனக்குத் தெரிந்தது. விரலில் போட்டிருந்த செம்பு மோதிரம் குழாயில் பட்டுக் கிணுகிணு என்றது. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் முகம். அந்தக் கையின் ஆள்காட்டி விரல் ஓரத்தில் காய்ந்துபோன ஒரு கொப்புளத்தை அப்போதுதான் பார்த்தேன். தட்டின் விளிம்பு பட்டிருக்க வேண்டிய இடம்.

கொஞ்ச நேரம் போயிற்று.

"ஆரம்பிங்க மேடம்" என்றார் தாமு அண்ணன்.

காதை மூடியிருந்ததால் சத்தமாகச் சொன்னார். ஏழுமலை கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். மேடம் எழுந்து போய், காது மூடியைத் தன் கையாலேயே மெதுவாகக் கழற்றினார். மோட்டார் சத்தம் தாமு அண்ணன் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஓடிக்கினுதான் கீதா?"

"ஆமா தாமோதரன்."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே."

அவர் கையை எடுத்தார். இன்னொரு கையை வைத்துப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முனுசாமி, அன்னிக்கு அந்தத் தட்டு... சுட்டுதா?"

முதல்தடவையாக என்னைச் சாமியாரே என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

"கொப்புளம் வந்துச்சு. எதுல பட்டுச்சுன்னே தெரில. நான் இன்னாவோ, எதுனா பூச்சி கட்ச்சிருக்கும்னு வுட்டுட்டேன்."

நான் மோட்டாரை அணைத்தேன். மேடம் அவருக்கு விளக்கிச் சொன்னார், டாக்டர் மாதிரி இல்லாமல் மிஷினைப் பற்றிப் பேசுகிற மாதிரியே சொன்னார். கை நடுக்கத்தைச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருக்கிறது, அந்த வேலையைக் காது எடுத்துக்கொண்டிருக்கிறது. கிரேன் மோட்டார் மாறுகிற சத்தம், கயிறு தளருகிற சத்தம், இவற்றைக் கேட்டே அவர் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். கை சொல்வதாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கும். முந்தின நாள் பெட்டியைப் பூ மாதிரி வைத்ததும் லீவருக்குள் ஓடிய சின்ன மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுத்தான். கிரைண்டிங் இரைச்சலில் காதும் போனபோது ஒன்றும் மிச்சமில்லை.

"மேடம்" என்றார் அவர். "மிஷினு இன்னும் சரியாவலன்னு எழுதி அனுப்புங்களேன். கொஞ்ச நாளு. வைத்தியம் பாத்துட்டு வந்துர்றேன். நான் கிரேன்ல ஏறாம எங்கியும் வேலை செஞ்சதில்ல."

அவர் கெஞ்சிய குரலை அப்போதுதான் கேட்டேன். நான் மனசுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன், எதற்காக என்று எனக்கே தெரியாது. அவர் கேட்டபடி எழுதினால் எங்களுக்கு அந்த ஆர்டர் போகும், அது போகட்டும் என்றே தோன்றியது.

"எழுதலாம் தாமோதரன்" என்றார் மேடம். "எழுதினா, குறை மிஷின்லதான்னு நாளைக்கே உங்களை மேல ஏத்தினாலும் ஏத்திடுவாங்க. கீழ யாரு கொக்கி மாட்டுவாங்க?"

ஏழுமலை இன்னும் கதவைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தான். திரும்பாமலே பேசினான்.

"எழுதுங்க மேடம். நான் பாத்து நின்னுக்கறேன். மாமா பாரத்த இறக்கும்போது நான் தள்ளி நின்னுக்கறேன்."

"எந்தப் பக்கம்டா தள்ளி நிப்ப?" என்றார் தாமு அண்ணன். கோபம் மாதிரிதான் இருந்தது. பிறகு எழுந்தார். "வேணாம் மேடம். உள்ளத எழுதுங்க." கதவுக்கு வெளியே போய், இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து மாட்டிக்கொண்டு போனார்.

மேடம் அன்று டீ குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சர்க்கரையால் நரம்பு கெட்டிருப்பதாகச் சொன்னார்கள். முதலில் காலில் ஆரம்பித்திருக்கும், செருப்பு கழன்றது அப்படித்தான் என்றார்களாம். நாங்கள் எல்லாரும் சிரித்த அந்தச் செருப்பு. மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது அப்படியே திரும்பும் என்று சொல்ல முடியாது என்றுவிட்டார்கள்.

என் பக்தியைப் பற்றி நீங்கள் கேட்கலாம். உணர்ச்சி இல்லாத கையை நான் பக்தி என்று பார்த்தேன். அதற்காகச் சாமியை நான் கோபித்துக்கொள்ளவில்லை. என் கண் முன்னால்தான் அவன் அதைக் காட்டினான், காட்டியதை நான் வேறாகப் படித்தேன். சரோஜாவிடம் சொன்னபோது அவள் அழுதாள். பிறகு, "அப்படியும் அந்த ஏழுமலை காலு தப்பிச்சுதே" என்றாள். அது உண்மை.

டம்மி கேபினை யார்டில் கொண்டுபோய் இறக்கினோம். அதில் முதலில் பழகியவர்களில் ஏழுமலை ஒருவன். மேடம் அவனுக்கும் காது மூடி மாட்டி, பெட்டி இறங்கும் கடைசி நேரத்தில் திரையை அட்டையால் மறைத்துப் பழக்கினார். நடுக்கம் வந்தவுடன் அவன் கை நின்றது. அந்த முறையைப் பிறகு எல்லாருக்கும் வைத்தோம். படமும் வேண்டாம், சத்தமும் வேண்டாம், கை மட்டும் சொல்லட்டும் என்று. எங்கள் பட்டறையில் அதற்குத் தாமோதரன் சோதனை என்றே பெயர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெயரை வைத்தோம். "வெச்சுக்கோங்கபா. கல்வெட்டா செதுக்கறீங்க?" என்றார்.

அவரை யார்டில் சிக்னல் காட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு, முணுமுணுத்தார். ஒருநாள் லீவரில் ஸ்பிரிங் மாற்றப் போயிருந்தபோது பார்த்தேன். மேலே கேபினில் ஏழுமலை. கீழே தாமு அண்ணன், சிவப்பு ஹெல்மெட், நல்ல கெட்டி ஷூ. தூண் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி விரித்தார். மேலே அவன் கை அதைப் பார்த்து நகர்ந்தது. தூண் இறங்கியது. இவர் விரல்களை மூடினார். தூண் மரக்கட்டைகள் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"மேலேர்ந்து பாத்தா என் கை நல்லா தெரிதாம், சாமியாரே. பய சொல்றான்" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. யார்டில் டம்மி கேபினுக்கு என்னையே கற்பூரம் காட்டச் சொன்னார்கள். துணி சுற்றிய தட்டோடு ஒவ்வொருவரிடமும் போனேன். தாமு அண்ணன் முன்னால் நின்றபோது அவர் தட்டை வாங்கவில்லை. சுடருக்கு மேலே உள்ளங்கையை நீட்டினார். கண் சுடரில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

கொஞ்சம் பொறுத்து, "போதும் அண்ணா" என்றேன்.

கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.